விறகுக்கு ஒரு ரம்பம்

விறகு அறுப்பதும் ஒரு கட்டுரைக்குரிய பொருளா என்று நேயர்களிற் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். சுளிப்போர் சுளிக்க. கம்பனைப் பற்றியும் கற்பைப் பற்றியும் எழுத நம்மவரிடையே ஆட்கள் பலர் உளர். அடுப்பெரிப்பதைப் பற்றி எழுதுவோர்தாம் அரியர். அன்றியும், சங்கிலி ரம்பம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் நாம் ஒருமுறை செய்த பிழையையும், அப்பிழையின் பயனை நாமன்றிப் பிறிதொருவர் தம் காலில் அனுபவித்ததையும் இங்குக் கூறப் புகுகின்றோமாதலின், கேட்டு வைப்பதால் எவருக்கும் கேடு வந்துவிடாது.

பேரா மாநிலத்தில் கோலகங்சாருக்குச் சற்று அப்பால், நம் தகப்பனார் விட்டுச் சென்ற பால்மரக் காடு இரண்டு ஏக்கர் நமக்குண்டு. 1877-இல் இப்பக்கம் வந்து சேர்ந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பதைச் சர் ஹியூ லோ என்பார் நட்டு வளர்த்த ஊர் கோலகங்சார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் பல்லாண்டு சொல்லிக் கொடுத்ததுண்டு. அவ்வாறு சொல்லுகையில், அக்கன்றுகளின் வழித்தோன்றல்களை வெட்டியே நம் தகப்பனார் நம்மைப் படிக்க வைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லத் தவறியதில்லை. அவர் தோட்டத்தில் பால் வெட்டியவர். வெள்ளைக்காரர் தோட்டமொன்று துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, 1964-இல், தம் சேமிப்புடன் நம் தாயாரின் கழுத்துச் சங்கிலியையும் விற்றுச் சேர்த்து இந்நிலத்தை வாங்கினார். பழைய மரங்களை அழித்து, 1988-இல் அரசாங்க மறுநடவு மானியத்துடன் புதுக் கன்றுகளை வைத்தார். அம்மரங்களைத் தம் கையாலேயே வெட்டிப் பால் எடுத்து, 2009-இல் கண்மூடினார்.

பால்மரம் இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் வரையில் மனிதனுக்கு உழைக்கும். அதன்பின் பட்டை ஓய்ந்துபோகும். நம் மரங்கள் அவ்வெல்லையைக் கடந்து நிற்பவை. ஆண்டுக்கு நாலைந்து மரங்கள் காற்றில் சாய்வதும், இரண்டொன்று நின்றபடியே பட்டுப் போவதும் வழக்கமாயின. முன்னாளில் பால்மரக் கட்டையென்றால் ரப்பர்த் தகடு வாட்டும் புகைக்கூடத்துக்கும் செங்கற் சூளைக்கும் எரிபொருள் என்பதே மதிப்பு. 1980-களிலிருந்து அதே கட்டை மருந்தேற்றப் பெற்று நாற்காலியாகவும் மேசையாகவும் கடல் கடந்து செல்கிறது. ஆனால் ஆலைக்காரர்க்கு லாரி லாரியாகக் கட்டை வேண்டும். நாலைந்து மரத்துக்காக நம் ஒற்றையடிப் பாதையில் லாரியை ஓட்டி வர அவர்களில் ஒருவரும் ஒருப்படவில்லை. விழுந்த மரத்தைப் போட்டு வைத்தாலோ சில நாட்களில் நீலம் பாய்ந்து, பிறகு வண்டு துளைத்து மாவாய் உதிரும்.

நம் வீட்டிலோ விறகுக்குத் தேவை இருந்தது. நம் துணைவியாரும் அவர் தங்கையாரும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னதாக முறுக்கும் அதிரசமும் செய்து விற்பது வழக்கம். எரிவாயு அடுப்பில் அந்தப் பெரிய இருப்புச் சட்டியை ஏற்றினால் நடுவில் மட்டும் எண்ணெய் கொதித்து ஓரம் சோம்பிக் கிடக்குமென்பது அவர்களுடைய அசையாத முடிபு. ஆகவே கொல்லைப்புறத்தில் விறகடுப்பு. அவ்வடுப்புக்கு நாம் ஐம்பத்தெட்டு வயது வரையில் கோடரியாலும் கைரம்பத்தாலும் விறகு கொடுத்து வந்தோம். அதன்பின் நம் வலத்தோள், இனி முடியாது என்று தெளிவாகவே அறிவித்துவிட்டது.

அந்நிலையிற்றான் முதல் ரம்பத்தை வாங்கினோம். வாங்கியது கடையிலன்று, இரவுச் சந்தையில். விலை 300 வெள்ளி. பேர்பெற்ற கம்பெனியொன்றின் நிறத்தை அப்படியே பூசிக்கொண்டிருந்தது. பெயர் மட்டும் எவரும் கேட்டிராத பெயர். “எல்லாம் ஒரே சாமான்தான் வாத்தியாரே, பேருக்குத்தான் அவன் ஆயிரம் வாங்குகிறான்,” என்றார் விற்றவர். பேரைக் கண்டு ஏமாறாதே, பொருளைப் பார் என்று முப்பது ஆண்டு பிள்ளைகளுக்குப் போதித்த நமக்கு அவ்வார்த்தை தேனாயிற்று. பொருளைப் பார்த்தோமா என்றால், இல்லை.

முதல் நாளே ஒன்றைக் கவனித்தோம். விசையை விட்ட பின்னும் சங்கிலி நிற்கவில்லை. மோட்டார் மெதுவாய் முணுமுணுக்க, சங்கிலியும் மெதுவாய் ஊர்ந்து கொண்டேயிருந்தது. புது இயந்திரம், ஓடி ஓடிப் பழகினால் சரியாகிவிடும் என்று நமக்கு நாமே சொல்லிக் கொண்டோம். பின்னர் அலகுக்கு எண்ணெய் செல்லாமல் அது காய்ந்து நீலம் பாரித்தது. அதையும் பொறுத்துக் கொண்டோம். முந்நூறு வெள்ளிப் பொருளிடம் மூவாயிரம் வெள்ளிக் குணத்தை எதிர்பார்க்கலாமா என்பது அப்போதைய நம் தத்துவம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுத்த நிலத்துத் தம்பி வந்து அதனை இரவல் கேட்டார். அவர் கூலிக்குப் பால் வெட்டுபவர். கால் நடந்தால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும். நாம் எடுத்துக் கொடுத்தோம். சங்கிலி ஊரும் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென நினைத்தோம். ஏதோ பேச்சில் சொல்லாமல் விட்டோம். அவர் ஒரு கிளையை அறுத்து முடித்து, விசையை விட்டு, நின்றுவிட்டது என்ற நம்பிக்கையில் ரம்பத்தைத் தாழ்த்தியிருக்கிறார். அது இடது முழங்காலின்மேல் உராய்ந்தது. பதினான்கு தையல். ஆறு வாரம் அவர் மரத்தடிக்குச் செல்லவில்லை. நாம் சென்று அமர்ந்தபோதெல்லாம் அவர் ரம்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. “என் கவனக்குறைவு வாத்தியாரே,” என்றார். அவர் மனைவியார் நாம் புறப்படுகையில் பலாச்சுளை பொதிந்து கொடுத்தனுப்பினார். அச்சுளை நம் தொண்டையில் இறங்கவில்லை. அந்த ஆறு வாரக் கூலியை நாம் கொடுத்தோம். அவர் முதலில் மறுத்தார். நம் துணைவியார் சென்று அவர் மனைவியார் கையில் வைத்துவிட்டு வந்தார்.

இரவுச் சந்தை ரம்பத்தை வேறெவர் கைக்கும் போகாதபடி கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டோம். அதன்பின் ஓராண்டு நம் வீட்டில் எரிவாயுதான். முறுக்கு ஒரு பக்கம் சிவந்து ஒரு பக்கம் வெளுத்திருந்ததை வாடிக்கையாளர் சிலர் மெல்லக் குறிப்பிட்டனர்.

நிற்க. இரண்டாம் முறை வாங்குமுன் படித்தோம். பழுது பார்ப்பவர்களிடம் சென்று நின்றோம். படித்தவற்றுள் ஒன்றை நேயர்க்குச் சொல்லாதிருக்க மனம் வரவில்லை. ஜெர்மனியில் அந்திரேயாஸ் ஸ்டீல் என்பார் 1926-இல் மின்சார ரம்பமும் 1929-இல் பெட்ரோல் ரம்பமும் செய்தார். இவை இருவர் இருபுறமும் பிடித்து உழைக்க வேண்டிய பெருஞ்சுமைகள். அக்காலச் சங்கிலியின் பற்கள் கைரம்பத்தின் பற்களைப் போன்றே மரத்தைக் கீறின, விரைவில் மழுங்கின, அரம் போடுவது பெரும்பாடு. 1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி ஒருவர் விறகு பிளந்துகொண்டிருக்கையில் கட்டைக்குள் ஒரு வண்டின் புழுவைக் கண்டார். சுட்டுவிரல் அளவுள்ள அப்புழு, மரத்தின் இழையோட்டம் எத்திசையிலிருப்பினும் பொருட்படுத்தாது, இடமும் வலமுமாகத் தாடையை அசைத்துத் தின்று கொண்டே சென்றது. காக்ஸ் அதன் தாடையை உற்று நோக்கி, அதே வளைவில் இடப்பல் ஒன்றும் வலப்பல் ஒன்றுமாக மாறி மாறி அமைந்த சங்கிலியைத் தம் வீட்டு நிலவறையில் செய்தார். 1947-இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று உலகில் ஓடும் சங்கிலி ரம்பங்களின் பல் பெரும்பாலும் அப்புழுவின் தாடையே. நம் விறகையும் ஆயிரக்கணக்கான புழுக்கள் துளைத்தன; நாம் அவற்றைச் சபித்தோமேயன்றி ஒன்றையும் உற்று நோக்கினோமில்லை.

இனித் தேர்வு. முதற் கேள்வி, எதனால் ஓடுவது என்பது. கம்பியில் மின்சாரம் பெறும் ரம்பம் மலிவு. வீட்டுக் கொல்லையில் அடுக்கிய கட்டையை அறுக்க அதுவே போதும். புகையில்லை, எண்ணெய் கலக்கும் தொல்லையுமில்லை. ஆனால் நம் நிலம் வீட்டிலிருந்து மூன்று மைல். மின்கலத்தால் ஓடுவன இக்காலத்தில் நன்றாகவே வந்துள்ளன. அண்டை வீட்டார் உறக்கத்தைக் கெடுப்பதில்லை. எனினும் ஒரு மரத்தை முழுக்கத் துண்டாக்குமுன் கலம் களைத்துவிடும். மாற்றுக் கலத்தின் விலையோ மயக்கம் தருவது. ஆகவே பெட்ரோல் என்று முடிவு செய்தோம்.

இரண்டாவது அளவு. இங்கேதான் ஆடவர் பலர் அறிவிழக்கின்றனர். அலகு நீண்டிருந்தால் ஆண்மை நீண்டதாக எண்ணுவோரை நாம் பழுது பார்க்கும் பட்டறையில் கண்டோம். நம் மரங்களின் குறுக்களவு பெரும்பாலும் 10 முதல் 14 அங்குலம். அதற்கு 16 அங்குல அலகு தாராளம். அதைவிடப் பருத்த கட்டை வந்தால் இருபுறமிருந்தும் அறுத்துக் கொள்ளலாம். நீண்ட அலகு பளுவைக் கூட்டும். நுனி எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. அரம் போட வேண்டிய பல்லும் அதிகம். மோட்டார் 40 முதல் 45 சி.சி. வரையில் இருந்தால் விறகுக்குப் போதும். பளு ஐந்து கிலோவுக்குள் இருப்பது நலம். கடையில் தூக்கிப் பார்க்கையில் எல்லா ரம்பமும் இலேசுதான்; அரைமணி நேரம் பிடித்து நின்ற பிறகே அதன் உண்மையான எடை வெளிப்படும்.

மூன்றாவதைத்தான் நாம் முதலாவதாகக் கேட்டிருக்க வேண்டும்: எவ்வாறு நிற்கிறது? மோட்டார் சும்மா ஓடுகையில் சங்கிலி அசையாது நிற்க வேண்டும். அசைந்தால், சரிசெய்யும் வரையில் அதனைத் தொடலாகாது. முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் காப்பு மட்டையை முன்னே தள்ளினால், ஓடும் சங்கிலி அக்கணமே நிற்க வேண்டும். இது அலங்காரமன்று. அலகு நுனியின் மேற்பாகம் எதிலேனும் பட்டால், ரம்பம் கண்ணிமைக்குமுன் துள்ளி அறுப்பவரின் முகத்துக்கே திரும்பி வரும். அவ்வேளையில் மணிக்கட்டு அம்மட்டையில் மோதியோ, துள்ளலின் வேகத்தாலேயோ தடை விழுந்து சங்கிலி நின்றாக வேண்டும். நம் பழைய ரம்பத்திலும் அம்மட்டை இருந்தது. அது வெறும் மட்டை. பின்பிடியில் உள்ளங்கை அழுத்தினாலன்றி விசை அசையாதிருக்கும் பூட்டு, சங்கிலி அறுந்தால் பற்றிக்கொள்ளும் கொக்கி, அதிர்வு கைக்கு ஏறாதபடி தாங்கும் சுருள், இவையும் பார்த்துக் கொள்ளத் தக்கன. அதிர்வு நாட்பட நாட்பட விரல்களை வெளுக்கச் செய்து உணர்ச்சியைக் கெடுக்கும் என்பதை மரத்தொழிலாளர் அறிவர்.

பழைய கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கே ஒருவரிடம் சென்றோம். வயது எழுபதுக்கு மேலிருக்கும். நாம் மலாயில் கேட்க, அவர் விலை சொல்லாமல் நம்மையே வினவத் தொடங்கினார். என்ன மரம்? எத்தனை பருமன்? ஆண்டில் எத்தனை நாள்? அறுப்பது யார், நீயா, மகனா? நாமே என்றோம். அவர் நம்மை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, நாம் கைகாட்டிய 50 சி.சி. ரம்பத்தைத் திரும்ப அலமாரியில் வைத்து, சிறியதொன்றை எடுத்தார். பெரியதை விற்றால் அவருக்கு இலாபம் அதிகம். கடைவாயிலில் அதனை முடுக்கி, சும்மா ஓடவிட்டு, நிற்கும் சங்கிலியைச் சுட்டிக் காட்டினார். பின் வேகமேற்றி மணிக்கட்டால் மட்டையைத் தள்ளினார். சங்கிலி நின்ற நிலையைக் கண்டு நமக்கு ஒரு மகிழ்ச்சியும் உண்டாகவில்லை. அடுத்த நிலத்துத் தம்பியின் முழங்காலே நினைவுக்கு வந்தது.

ரம்பம் 1,150 வெள்ளி. அத்துடன் அவர் கால்களின் முன்புறத்தை மூடிக் கட்டும் காப்புடை ஒன்றை எடுத்து வைத்தார்; அது 280 வெள்ளி. அதனுள்ளே நீண்ட நூலிழைகள் அடைத்திருக்கும். சங்கிலி பட்டால் அவ்விழைகள் வெளிப்பட்டுப் பற்சக்கரத்திற் சுற்றி மோட்டாரையே நிறுத்திவிடும். நாம் வழக்கம்போல் காப்புடைக்கு விலை குறைக்கச் சொல்லி வாயைத் திறந்தோம். “ரம்பத்தில் ஐம்பது குறைக்கிறேன், இதில் ஒரு காசும் குறையாது,” என்றார் தவுக்கே. நமக்கு வெட்கமாயிற்று. தலைக்கவசமும் காதடைப்பும் சேர்த்தே வாங்கி வந்தோம். வீட்டில் கணக்குக் கேட்டபோது, துணைவியாரிடம் உண்மையையே சொன்னோம். அவர் ஒன்றும் கூறாது அவ்வாண்டு அதிரசத்தின் விலையை உயர்த்தினார்.

பெட்ரோலில் இரட்டை வீச்சு எண்ணெயை ஐம்பதுக்கு ஒன்றாகக் கலக்க வேண்டும். லீட்டருக்கு 20 மில்லி என்பது கணக்கு. கலந்ததை மாதக்கணக்கில் வைத்திருந்து ஊற்றினால் மோட்டார் மூக்கடைத்துக் கொள்ளும். அலகுக்குரிய எண்ணெய் வேறு. சங்கிலி அரையங்குலமேனும் மண்ணில் பட்டால் அன்றைய வேலை அத்துடன் முடிந்ததென்று கொள்க. பல் மழுங்கியதை மரத்தூளே சொல்லும்: சிம்பு சிம்பாக விழுந்தால் கூர்மை, மாவாக விழுந்தால் அரம் எடுக்க வேண்டும். நம் சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம். பல்லொன்றுக்கு மூன்று இழுப்பு, உள்ளிருந்து வெளியே, 30 பாகைச் சாய்வில். இவ்வளவுதான். ஆயினும், ஆயுத பூஜையன்று ரம்பத்துக்குச் சந்தனமும் குங்குமமும் பூசிக் கும்பிடுவோர், மற்றைய நாட்களில் அதற்கு அரம் காட்டியறியாததை ஊர்ப் பட்டறையில் எத்தனையோ முறை கண்டுவிட்டோம்.

இவ்வளவு ஆய்ந்து வாங்கிய ரம்பம், மூன்றாம் நாளே நம்மைத் திகைக்க வைத்தது. சாய்ந்த மரமொன்றை அடியிலிருந்து மூன்றடி உயரத்தில் அறுக்கையில், திடீரெனக் கிரீச்சென்று ஓசை, தீப்பொறி. நிறுத்திப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு பற்கள் முனையிழந்து கிடந்தன. கோடரியால் அவ்விடத்தைக் கொத்திப் பார்த்தோம். பட்டைக்கு இரண்டங்குலம் உள்ளே, மரத்தைச் சுற்றி ஒரு கம்பி. பால் வடியும் மங்கைத் தாங்குவதற்காக மரத்தில் கட்டும் கம்பி அது. மரம் பருக்கப் பருக்க அதனைத் தளர்த்திக் கட்டவேண்டும். தளர்த்தாவிட்டால் மரம் அதனை விழுங்கிவிடும்.

நம் தகப்பனார் இதில் மிகக் கண்டிப்பானவர். ஆண்டுக்கொருமுறை இரண்டு ஏக்கரிலும் ஒவ்வொரு மரமாகச் சென்று கம்பியைத் தளர்த்துவார். நம்மையும் சிறுவயதில் உடன் அழைத்துச் சென்று, தளர்த்தாது விட்ட கம்பிக்குக் காதைத் திருகியதுண்டு. அப்படிப்பட்டவர் கட்டிய கம்பி எவ்வாறு மரத்துக்குள் போயிற்று? துண்டத்தின் வெட்டுமுகத்தைத் துடைத்து வெகுநேரம் பார்த்துக் கொண்டிருந்தோம். கம்பிக்கு மேல் வளர்ந்திருந்த கட்டையின் கனத்தைக் கொண்டு பார்த்தால், அவருடைய கடைசி ஆண்டுகளிலேயே அது புதையத் தொடங்கியிருக்க வேண்டும். அவர் கண்ணில் புரை விழுந்திருந்த காலம் அது. தெரிகிறது தெரிகிறது என்றே சொல்லிக் கொண்டிருந்தார். கத்தி பட்டையைக் காயப்படுத்தாமல் ஓடிற்று, கை பழகிய வேலையாதலின். கம்பி மட்டும் கண்ணுக்குத் தெரிந்திராது போலும். நாம் அப்போது பத்து மைல் தூரத்தில், பள்ளிக்கூடத்தில், பொருளைப் பார் என்று பாடம் நடத்திக் கொண்டிருந்தோம்.

இரண்டு மணி நேரம் மரத்தடியில் அமர்ந்து பல்லுக்குப் பல் அரம் போட்டோம். அன்று முதல் நம் முறை மாறிற்று. தரையிலிருந்து ஐந்தடி வரையில், அதாவது தகப்பனாரின் கத்தி பட்ட பாகம் முழுவதையும், சங்கிலி ரம்பத்தால் தொடுவதில்லை. அதற்கு மேலும் கீழும் அறுத்து, நடுத்துண்டத்தை மட்டும் இருப்பு ஆப்பும் சம்மட்டியும் கொண்டு பிளக்கிறோம். ஆப்புக்குக் கம்பியால் நட்டமில்லை. தோள் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு மரத்துக்கு ஒரு துண்டம்தானே. பிளந்ததைக் கூரையின்கீழ், காற்றோட்டமாக, தரையில் படாமல் அடுக்கி இரண்டு மூன்று மாதம் உலர்த்தினால் விறகு கைக்கு இலேசாகி, தட்டினால் கணீரென்கிறது. இதுவரையில் கிடைத்த கம்பிகள் ஏழு. விறகுக் கொட்டகையில் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம்.

சென்ற துரியான் பருவத்தின் முடிவில், புயல் மழையொன்றில் அடுத்த நிலத்துத் தம்பியின் துரியான் மரத்திலிருந்து பெருங்கொப்பு ஒன்று முறிந்து அவர் வீட்டுப் பாதையில் விழுந்தது. மறுநாட்காலை அவர் நம் வாயிலில் வந்து நின்றார். இன்னும் இடக்காலைச் சற்றே இழுத்துத்தான் நடக்கிறார். ரம்பம் வேண்டுமென்று கேட்க வாய் வராமல், மழையைப் பற்றியும் துரியான் விலையைப் பற்றியும் பேசிக் கொண்டிருந்தார். நமக்கும் கொடுக்கிறோம் என்று சொல்ல வாய் வரவில்லை. துணைவியார்தாம் உள்ளிருந்து, “இரண்டு பேருமாகப் போய் அறுத்துவிட்டு வாருங்களேன்,” என்றார்.

சென்றோம். ரம்பத்தை அவரிடம் கொடுக்குமுன் முடுக்கி, சும்மா ஓடவிட்டு, “தம்பி, சங்கிலியைப் பாருங்கள்,” என்றோம். அவர் குனிந்து பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு காப்புடையை எடுத்து நீட்டினோம். நம் உயரத்துக்கு வாங்கியது அவருக்குக் கணுக்காலுக்கும் கீழே தொங்கிற்று. கயிறு கொண்டு தூக்கிக் கட்டிவிட்டோம். “வாத்தியாரே, இதோடு நடந்தால் மாடு மிரளும்,” என்று சிரித்தார். பகல் ஒரு மணிக்குள் கொப்பு துண்டு துண்டாயிற்று. தடித்த துண்டங்களில் பாதியை நம் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக் கட்டிவிட்டு, வேண்டாம் என்று நாம் சொல்லச் சொல்லக் கேளாமல், அவர் மனைவியார் அவற்றின்மேல் ஒரு பலாப்பழத்தையும் வைத்துக் கட்டினார்.